நேரில் வராத மேஜர்

சென்ற மாதம் சைபர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முன்னால் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டால் பொன்னாடை போர்த்தி, பழைய கதை ஒன்றிரண்டு கேட்டு, சாயாவும் பழம்பொரியும் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மேடம், பட்டாளத்து ஆபீசர்னு சொல்லி நெட்ல காதலிச்சு ஏமாத்துற கேஸ் வந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தனும் கையில சிக்க மாட்டேங்கறான். உங்க காலத்துல நீங்க எப்பவாவது ஜெயிச்சிருக்கீங்களா?"

"ஜெயிச்சிருக்கோம் மோளே" என்றேன். அதற்குமேல் சொல்வதற்குள் அடுத்தவர் பேச எழுந்துவிட்டார். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் வள்ளியம்மாள். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவனந்தபுரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பிறகு காக்கிச் சட்டை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலில் ஓடினோம், மழையில் ஓடினோம், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம். தொண்ணூறுகளில் பெண்கள் புகார்ப் பிரிவில் போட்டார்கள். அங்கேதான் முதன்முதலாக ஒரு போலிப் பட்டாளக்காரனைப் பார்த்தேன்.

விழிஞ்ஞத்தில் ஒரு மீன்காரர் வீட்டில் பெண் பார்க்க வந்தவன் அவன். ஹவில்தார் என்று சொல்லிக்கொண்டு, தைத்த சீருடையும் இரும்புப் பெட்டியுமாக வந்தான். வேறு இரண்டு ஊர்களில் அவனுக்கு மனைவிகள் இருந்தார்கள். நாங்கள் போனபோது சமையல்கட்டு வழியாக இறங்கிக் கடற்கரையை நோக்கி ஓடினான். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு அவனை வளைத்துக்கொண்டார்கள். எனக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. அவனுக்குக் கால் இருந்தது, ஓடினான், பிடித்தோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் காலே இல்லாத கள்ளன்கள் வந்துவிட்டார்கள். வரன் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. சைபர் பிரிவு என்று ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இரண்டு அறைகள் ஒதுக்கி, நாலு கம்ப்யூட்டர் வைத்து, எங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டராக வந்தவர் சுகுமாரன் சார்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமான மனிதர். குரல் மட்டும் தணிந்தே இருக்கும். கோபம் வந்தால் அச்சடித்த மலையாளத்தில் பேசுவார், அவ்வளவுதான் அடையாளம். அந்த அறையில் அவர் வைத்திருந்த சட்டங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. புகார் கொடுக்க வருபவரை மேஜைக்கு எதிரில் உட்காரவைக்கக் கூடாது, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட வேண்டும். பெண் என்றால் நான் தவிர மற்றவர்கள் வெளியே போய்விட வேண்டும். முதல் தடவை சொல்லும்போது ஒரு வார்த்தை எழுதக் கூடாது. முழுவதும் கேட்டு முடித்து, தண்ணீர் கொடுத்து, இரண்டாம் தடவை சொல்லச் சொல்லும்போதுதான் பேனாவைத் திறக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி அந்த அறையில் தடை. "நீங்கள் எப்படி நம்பினீர்கள்?" என்று யாரும் கேட்கக் கூடாது. புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள் ஒருமுறை கேட்டுவிட்டான். சார் அவனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "அந்தக் கேள்வியை அவங்க வீட்டிலேயே எல்லாரும் கேட்டாச்சு. நம்மகிட்டயும் அதைக் கேக்கவா மாடிப்படி ஏறி வந்தாங்க?" என்றார். சார் பேசியது மலையாளம். எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்த மாடிப்படி ஏறி ஒரு மழைநாள் காலையில் ஜெயா டீச்சர் வந்தார்.

ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் வீடு. பள்ளிக்கூடத்தில் இந்தி வாத்தியார். நாற்பதைத் தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டது. அம்மா காலமான பிறகு, உடன் வேலை பார்த்த சிநேகிதிகள் வற்புறுத்தி வரன் தேடும் தளம் ஒன்றில் படமும் விவரமும் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் வேறு.

"எங்காத்துக்காரராப் போறவரைக் காணலை. நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

ஏமாற்றுப் புகார் கொடுக்க அவர் வரவில்லை. ஆளைக் காணவில்லை என்றுதான் வந்திருந்தார்.

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டேன். சார் பேனாவை மூடி வைத்தார். டீச்சர் சொன்னார். பெயர் மேஜர் அர்ஜுன். காஷ்மீர் எல்லையில் பணி. மனைவியை இழந்தவர். பத்து மாதமாகத் தினமும் இந்தியில் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். சில நாள் போனில் பேசுவார், எல்லையில் சிக்னல் கிடைக்காததால் அதிகம் பேச முடியாது. ஓணத்துக்கு லீவில் வந்து அண்ணாவிடம் பெண் கேட்பதாக இருந்தது. அதற்குள் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக ராணுவ டாக்டர் என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. டெல்லிக்குத் தனி விமானத்தில் கொண்டுபோக வேண்டும், ராணுவம் அனுமதி தர நாளாகும், அதற்குள் காசு கட்டினால் உயிர் பிழைப்பார் என்றது அடுத்த கடிதம். கையிலிருந்ததையெல்லாம் டீச்சர் அனுப்பிவிட்டார். இப்போது வீட்டில் தன் பங்கை விற்கப் பத்திரம் எழுதக் கொடுத்திருக்கிறார். ஆனால் நாலு நாளாகப் பதில் இல்லை.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் பட்டாளத்துல கேட்டுச் சொல்லுங்கோ. நான் நேரே போய்ப் பார்த்துக்கறேன். பேடியா இருக்கு நேக்கு" என்றார். பேடி என்றால் இங்கே பயம். கைக்குட்டை நனைந்து பிழியும்படி இருந்தது.

அம்மா, அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது. சாரைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"டீச்சர், நாங்க கேட்டுச் சொல்றோம்" என்றார் அவரிடம். "அதுவரைக்கும் பத்திரத்துல கையெழுத்துப் போடாதீங்க. இந்த ஒண்ணு மட்டும் எனக்காக."

அவர் போன பிறகு நான் கேட்டேன், "சார், உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க வள்ளீ. பத்து மாசம் தினமும் பேசினவன் அவன். நான் இன்னிக்குக் காலையில பார்த்த ஆள்."

அன்று மத்தியானமே சார் பாங்கோட்டு ராணுவ முகாமுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஒரு கர்னல், டீச்சர் கொடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் சீருடை நிஜம், பதக்கங்கள் நிஜம், மார்பில் பெயர் இருக்கும் இடம் மட்டும் கலங்கலாக இருந்தது. "இந்த ஆபீசர் இருக்கிறார். ஆனால் இவர் பெயர் அர்ஜுன் இல்லை" என்றார் கர்னல். ஏதோ விழாவில் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்து, பெயரை அழித்திருக்கிறார்கள். நாலைந்து இடத்துக்குப் போன் செய்து, அந்த வாரத்துக்குள் அந்த நிஜ மேஜரையே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். அவர் வேறொரு மாநிலத்தில், மனைவி மக்களோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அந்த அம்மாவோடு நானே பேசுகிறேன்" என்று சொன்னாராம்.

டீச்சரை மறுபடி வரச்சொன்னோம். சார் நடந்ததை மெதுவாகச் சொன்னார். படம் யாருடையது, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை மட்டும். வேறு எதையும் சேர்க்கவில்லை. பிறகு அந்த மேஜருக்குப் போன் போட்டார். போனை அவர் கையில் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது போனைக் கீழே போட்டுவிடுவார் என்று. அவர் இந்தியில் முதலில் கேட்டது இது: "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நன்றாக இருக்கிறீர்களா?"

எனக்கு அந்த அளவு இந்தி புரியும். மறுமுனையில் அந்த மேஜர் பேசியது எனக்கும் கேட்டது. தான் நலமாக இருப்பதாகச் சொன்னார். முகம் தெரியாத ஒருவர் தனக்காக இத்தனை நாள் வேண்டிக்கொண்டதை மனைவியிடம் சொன்னதாகவும், அவர் டீச்சருக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். "ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் பஹன்ஜி. எங்களுக்கு அடிபட்டால் எங்களைத் தூக்கிக்கொண்டு போவது ராணுவம். யார் வீட்டிலும் காசு கேட்பதில்லை."

கேட்டுக்கொண்டே டீச்சர் அழுதார். போனை வைத்த பிறகும் அழுதார். நான் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். "வெள்ளம் குடிங்க டீச்சர்." குடித்தார். முகத்தைத் துடைத்தார்.

"குரலே வேற" என்றார். "இவரோட குரல் எத்தனை பதவிசா இருக்கு! அவன் எப்பவும் அவசரமாக்கும்."

அதுவரை அவர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவன் என்றார். அதை சாரும் கவனித்தார்.

மறுநாள் டீச்சரையும் கூட்டிக்கொண்டு அவருடைய அண்ணா வந்தார். வங்கியில் பெரிய உத்தியோகம். புகாரைத் திருப்பித் தரும்படி கேட்டார். "தெருவுல தெரிஞ்சா தலை நிமிர முடியாது. போனது போகட்டும்." சார் பதில் சொல்லும் முன் டீச்சரே சொல்லிவிட்டார்.

"அண்ணா, தலை நிமிர முடியாம போறது அவனுக்காக்கும், நமக்கில்லை. நான் ஒருத்தி வாயை மூடிண்டா அவன் அடுத்தாத்துக்குப் போவான்."

இனி ஆளைப் பிடிக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தன என்று தேடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால் அது வந்த வழி மறைவாகப் பதிந்திருக்கும். அதை எடுத்து, இணைப்புக் கொடுத்த கம்பெனிக்கு எழுதி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். வடக்கே ஒரு பெரிய நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரவுசிங் சென்டர் என்று பதில் வந்தது. அங்கே தினம் நூறு பேர் வந்து போவார்கள். டீச்சர் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு ஒரு செத்துப்போனவர் பெயரில் இருந்தது. அங்கே வழி அடைத்துக்கொண்டது.

"நாம போனா கிடைக்க மாட்டான். அவனை இங்கே வரவழைக்கணும்" என்றார் சார்.

அதற்கு டீச்சர் அவனுக்கு மறுபடி எழுத வேண்டும், ஒன்றும் தெரியாதவர்போல. சார் நேரடியாகக் கேட்காமல் என்னை விட்டுக் கேட்டார். டீச்சர், "எழுதறேன்" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிடுவார். உள்ளறையில் நானும் அவரும் மட்டும். வழக்கமாக எழுதும் அதே அன்போடு எழுதினார். உடம்பு எப்படியிருக்கிறது, மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், உங்களுக்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஒருநாள் விரல் நின்றுவிட்டது.

"பொய் எழுதறது விஷமமில்லை, கஷ்டமில்லை வள்ளி. இந்த வாக்கியத்தையே போன மாசம் நெஜமா எழுதியிருக்கேன். அதான்."

"இன்னைக்கு மதி, போதும் டீச்சர், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன்.

"வேண்டாம். முடிச்சுட்டே போறேன்."

கடிதத்தில் நாங்கள் வைத்த பொறி இதுதான். வீட்டுப் பங்கை விற்க அண்ணா தடை போட்டுவிட்டார், வங்கியிலும் கண் வைத்திருக்கிறார், என்னிடம் அம்மாவின் நகை மட்டும் இருக்கிறது, நம்பிக்கையான ஆள் யாரையாவது அனுப்பினால் கையில் கொடுத்துவிடுகிறேன். நகை என்றதும் பதில் உடனே வந்தது. தன் பட்டாளத்தில் இருக்கும் ஒரு ஜவான் லீவில் கேரளா வருகிறான், அவனிடம் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவனுக்கு எழுத எங்கிருந்து அத்தனை வேகம் வந்ததோ.

கிழக்குக் கோட்டையில் ஒரு காபிக் கடையைச் சார் தேர்ந்தெடுத்தார். பகல் நேரம், நல்ல கூட்டம். சாலைத் தெருவில் வாங்கிய கவரிங் நகைகளை டீச்சரின் வெல்வெட் பெட்டியில் வைத்தோம். நானும் இன்னொரு பெண் போலீசும் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்கள்போல அடுத்த மேஜையில் உட்கார்ந்தோம். பெட்டி கை மாறியதும் பிடிப்பது என்று ஏற்பாடு. சார் வாசலில் லாட்டரிச் சீட்டுக் கடைக்காரரோடு பேசிக்கொண்டு நின்றார்.

வந்தவன் வாட்டசாட்டமான பையன். ஒட்ட வெட்டிய முடி, தோளில் பட்டாளப் பச்சைப் பை. விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். மேஜர் சாப் மிகவும் கஷ்டப்படுகிறார் என்று ஆரம்பித்தான். டீச்சர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். அவன் கையை நீட்டினான். டீச்சர் பெட்டியின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"அவர் குரலைக் கேட்க வேண்டும். கேட்டால்தான் தருவேன்" என்றார் இந்தியில்.

எங்கள் திட்டத்தில் இது இல்லை. சந்தேகப்பட்டு எழுந்துவிட்டால் எல்லாம் போச்சு. பையன் ஆஸ்பத்திரி, டாக்டர், அனுமதி என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தான். டீச்சர் அசையவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவன் தன் போனை எடுத்து அழுத்தினான். டீச்சர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். வலி எப்படியிருக்கிறது, தூங்கினீர்களா என்று விசாரித்தார். பிறகு போனைப் பையனிடம் தராமல் மேஜையில் தன் பக்கமாக வைத்துவிட்டு, பெட்டியை அவன் முன்னால் தள்ளினார்.

நாங்கள் எழுந்தோம். பையன் நாற்காலியை உதைத்துவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான். வாசலில் சார் இருந்தார்.

டீச்சர் வாங்கிக் கொடுத்த அந்த எண்தான் எல்லாவற்றையும் திறந்தது. சார் காபிக் கடையிலிருந்தே மொபைல் கம்பெனிக்குப் போன் செய்தார். அந்த எண் இப்போது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்று கேட்டார். பதில் வரும்வரை பையன் மேஜரைத் தெரியாது, வழியில் யாரோ கொடுத்த வேலை என்று சாதித்துக்கொண்டிருந்தான். பதில் வந்தது. சார் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு.

"உன் மேஜர் காஷ்மீர்ல இல்லை" என்றார் அவனிடம். "இங்கேயே, தம்பானூர்ல இருக்கார்."

நகை கைக்கு வருகிறது என்றதும் கூட்டாளியை நம்பி விட்டுவிட மேஜர் வேஷம் போட்டவனுக்கு மனசில்லை. கூடவே ரயில் ஏறி வந்துவிட்டான். இதைக் கேட்டதும் பையன் தொங்கிப்போய் லாட்ஜின் பெயரையும் அறை எண்ணையும் சொல்லிவிட்டான்.

லாட்ஜ் கதவைத் தட்டியதும் "கோன்?" என்று ஒரு குரல். லாட்ஜ் வேலைக்காரி மாதிரி, "சாயா சார்" என்றேன். திறந்தான். லுங்கியும் பனியனும் போட்ட ஒல்லியான ஆள், கண்ணாடி. ஒரு கையில் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. மேஜையில் பாதி சாப்பிட்ட மீன் சாப்பாடு. உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த மேஜர் அர்ஜுன் அயிலைக் கறியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் நாலைந்து போன்கள் கிடந்தன.

அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தபோது டீச்சர் அங்கே இருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகவில்லை. அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அப்போது மேஜையில் பரப்பியிருந்த போன்களில் ஒன்று மணி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், அவசரமாக, அழுகையோடு, இந்தியில். மேஜர் சாப் எப்படியிருக்கிறார், ஆபரேஷன் முடிந்ததா?

சார் என் கையிலிருந்து போனை வாங்கி டீச்சரிடம் நீட்டினார்.

"உங்களாலதான் முடியும்" என்றார்.

டீச்சர் போனோடு ஜன்னல் பக்கம் போனார். வெகுநேரம் பேசினார். காதில் விழுந்தவரை, நிஜ மேஜர் தன்னிடம் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொன்னார். அழாதே என்று சொல்லவில்லை. அழு, ஆனால் பணம் அனுப்பாதே, நாளைக் காலையில் உங்கள் ஊர் போலீசுக்குப் போ, நான் பெயர் சொல்கிறேன் எழுதிக்கொள் என்றார். தன் முழுப் பெயரையும் சொன்னார். அந்தப் பெண் லக்னோவிலிருந்து வந்து பிறகு எங்களுக்கு இரண்டாவது சாட்சியானார்.

வழக்கு நடந்தது. விசாரணையை மூடிய அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று நீதிபதியே கேட்டார். "கதவு திறந்தே இருக்கட்டும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அண்ணா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, எங்கள் அறையில் தடை செய்யப்பட்ட அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்கள் படித்த டீச்சர். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு பட்டாளக்காரனை எப்படி நம்பினீர்கள்?"

டீச்சர் மலையாளத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். "எல்லையில் நிற்கிறவர்களை நேரில் பார்த்துவிட்டா நாம் எல்லோரும் நம்பி நிம்மதியாகத் தூங்குகிறோம்? நான் நம்பியதில் பிழை ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கையைத் திருடிய ஆள் அதோ நிற்கிறான்."

அடுத்து லக்னோப் பெண் கூண்டேறினார்.

இருவருக்கும் தண்டனை கிடைத்தது. தீர்ப்பன்று சார் எல்லோருக்கும் பாயசம் வாங்கிக் கொடுத்தார். வராந்தாவில் நின்று இரண்டு தம்ளர் குடித்ததை நானே பார்த்தேன். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதும் இல்லை. லக்னோப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு கோடை விடுமுறையில் போய்வந்து, ஆற்றங்கரைப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்ரீவராகத்து வீட்டில் அவர் பங்கு இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

தீர்ப்பு பத்திரிகையில் வந்த மறு வாரம், திங்கட்கிழமை காலையில் ஆபீசைத் திறக்கப் போனேன். மாடிப்படியில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள், தனித்தனியாக வந்தவர்கள். முகத்தைக் குடையாலும் முந்தானையாலும் மறைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூத்தவர் எழுந்தார்.

"ஸ்ரீவராகத்து டீச்சர் புகார் கொடுத்த ஸ்டேஷன் இதுதானா?" என்று கேட்டார்.

இதுதான் என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். அவர் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார்.